கடல் சேற்றில் ஒரு வெள்ளை அடுக்கு

என்னைக் கூப்பிட்டவர்கள், "புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அது எனக்கு வராத வேலை. நான் ஒரு சந்தேகப் பிராணி. கடையில் நிறுத்து வாங்கிய உப்பை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிறவள். பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தக் குணத்துக்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன், சம்பளமும் வாங்கியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த சந்தேகத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

இன்று நீங்கள் கடலடிச் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து இயந்திரத்துக்குள் வைக்கிறீர்கள். எந்தக் காலத்தில் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று புள்ளிக்குப் பிறகும் எண்கள் வந்து விழுகின்றன. 1950களில் எங்களிடம் இருந்தவை அமிலம், சில கண்ணாடிக் குழாய்கள், ஒரு பழைய மைக்ராஸ்கோப். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீடு. அதன் சமையலறைதான் ஆய்வுக்கூடம். அடுப்பு மேடையில் தராசு, அஞ்சறைப்பெட்டி இருக்கவேண்டிய பலகையில் அமிலப் புட்டிகள்.

மூன்று பேர் வேலை பார்த்தோம். எங்கள் தலைவர், அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நல்ல படிப்பாளி. ஒன்றைப் பிடித்துவிட்டால் தலைமேல் வைத்துக்கொள்வார், பயம் வந்துவிட்டால் பொத்தென்று கீழே போட்டுவிடுவார். அடுத்தது காசிம். புவியியல் படித்தவர், செங்கல்பட்டு பஜாரில் வியாபாரம் செய்கிற குடும்பம். படகில் போய்ச் சேற்றை எடுத்துவருவது அவர் பொறுப்பு. அதைப் பிரித்து, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் கருங்குழியிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்துபோவேன்.

தலைவரின் யோசனை எளிமையானது. கடலில் சின்னஞ்சிறு ஓட்டுயிர்கள் எப்போதும் செத்து அடியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. மழை நன்றாகப் பெய்தால் பாலாறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்; அந்த மண்ணுக்கு நடுவில் ஓடுகளின் பங்கு குறைந்து தெரியும். மழை பொய்த்தால் மண் வராது, ஓடுகளின் பங்கு கூடும். ஆகவே சேற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் சுண்ணாம்புச் சத்தை அளந்தால், எழுத்து தோன்றுவதற்கு முன்னால் இந்தக் கரையில் மழை எப்படி இருந்தது என்று படித்துவிடலாம்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு மோட்டார் லாஞ்சை வாடகைக்கு எடுத்து, மாமல்லபுரம் கோயில் கண்ணுக்கு மறைகிற தூரத்தையும் தாண்டி, கடலடித் தரை சரியத் தொடங்குகிற இடத்தில் காசிம் ஒரு கனமான இரும்புக் குழாயைக் கயிற்றில் இறக்கினார். அது சேற்றுக்குள் குத்தி நின்று, வயிறு நிறைய மண்ணோடு மேலே வந்தது. உள்ளிருந்த மண் தூணை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி சோதனைக்கு, மறு பாதி மெழுகுத்தாளில் சுற்றிப் பத்திரமாக. சாம்பல் நிறச் சேற்றுக்கு நடுவில், நான்கு விரல் அகலத்துக்கு, வெளுப்பாக ஓர் அடுக்கு இருந்தது. அமிலம் விட்டதும் பொங்கித் தள்ளியது; அவ்வளவு சுண்ணாம்பு.

தலைவர் சமையலறையில் மேலும் கீழும் நடந்தார். "வறட்சிம்மா! எத்தனை தலைமுறைக்கு மழையே இல்லாம இருந்திருக்கு பாரு!" சென்னையில் நடக்கவிருந்த கூட்டத்தில் இதைப் படிக்கப்போவதாக அன்றைக்கே பலருக்கும் தெரிவித்துவிட்டார்.

எனக்கு ஓர் உறுத்தல். அந்த அடுக்கின் அடிக்கோடு கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. மழை படிப்படியாகத்தானே குறையும்? ஒரே நாளில் யாராவது குழாயை மூடுகிற மாதிரி நிற்குமா? தலைவரிடம் சொன்னேன். "நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காது" என்றார்.

தை மாதத்தில் பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அவருக்கு எங்கள் சேற்றைவிட வேடந்தாங்கல் பறவைகள்மீதுதான் ஆசை. அதை முடித்துக்கொண்டு, எல்லோரும் காரில் சதுரங்கப்பட்டினம் போனோம். வழியில் ஒரு கொட்டகைக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று குவியல். பக்கத்தில் சூளை புகைந்துகொண்டிருந்தது.

"அது என்ன?" என்று அவர் கேட்டார்.

"கிளிஞ்சல். சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குறாங்க" என்றார் காசிம். "எங்க மாமாவோட மண்டிதான். நம்ம குழாயைக்கூட அங்கதான் வெச்சிருந்தேன்."

பம்பாய்க்காரர் கையிலிருந்த பைனாகுலரைத் துணியால் மெல்லத் துடைத்தார். தலைவர் முகம் வெளிறிப்போனது. வண்டி கொஞ்சதூரம் போனபிறகு, காசிம் முன்னிருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தலைவர் அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: தங்கள் ஆட்களில் ஒருவர்மீது தனக்கும் சில நாட்களாகவே சந்தேகம் உண்டு என்று. அது பொய். அந்த நிமிடம்வரை அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

மறுநாள் மாதிரிகள் வைத்திருந்த அறைக்குப் பூட்டு வந்தது. சாவி தலைவர் இடுப்பில். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, காசிம் வேணும்னே பண்ணியிருப்பானா? எனக்குச் சந்தோஷமா ஒரு முடிவு வரணும்னு குழாய்ல கிளிஞ்சல் பொடியைத் தடவியிருப்பானோ? வேலை நிரந்தரம் ஆகணும்னு அவனுக்கு அவசரம் உண்டு."

"தெரியலை சார்."

"கூட்டத்துல நீ எழுந்து சொல்லு. மாதிரி கெட்டுப்போச்சு, குழாயைக் கண்ட இடத்துல வெச்சதுதான் காரணம்னு. நீ சொன்னா நம்புவாங்க."

"தெரியாததை எப்படி சார் சொல்றது?"

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. காசிம்மீது எனக்கு முழு நம்பிக்கை இருந்தது என்றும் சொல்லமாட்டேன். குழாய் மண்டியில் இருந்தது உண்மை. வேலைக்காக அவர் ஏங்கியதும் உண்மை. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த அவரிடம் நேராகப் போனேன்.

"காசிம், அந்த வெள்ளை அடுக்கு உங்க கையால வந்ததா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்களுமா?"

"நானும்தான். எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். என் மேலயும்."

கோபம் வந்தால் அவருக்குப் படித்த பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இன்னா கனகா இது? அந்தாளு காருல என்னை முன்னால குந்த வெச்சிகினே பின்னால பேசறாரு. நீங்களாவது மூஞ்சிக்கு நேரா கேட்டீங்க. கேளுங்க. சந்தேகப்படுங்க. ஆனா இன்னா பண்றதா இருந்தாலும் என் முன்னாடியே பண்ணுங்க."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம் தொழிலில் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. யார்மேல் படுகிறோமோ அவரை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு படுங்கள். முதுகுக்குப் பின்னால் பட்டால் அது சோதனை ஆகாது, புறணி ஆகிவிடும்.

தலைவரிடம் சாவி வாங்கி, அவரையும் காசிமையும் எதிரில் நிற்கவைத்து, மெழுகுத்தாளில் இருந்த மறு பாதியைப் பிரித்தேன். குழாய்ச் சுவரில் தடவிய பொடி என்றால் ஓரத்தில்தான் இருக்கவேண்டும். நட்டநடுவிலிருந்து துளி எடுத்தேன். அங்கேயும் அதே வெளுப்பு. மைக்ராஸ்கோப்பில் சுட்ட சுண்ணாம்பின் தூள் இல்லை. உடையாத ஓடுகள் இருந்தன. காசிம் பெருமூச்சு விட்டார். தலைவர் விடவில்லை.

"மண்டியில சுடாத கிளிஞ்சலும் இருக்கே. குழாய் உள்ளே போகும்போது இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?"

அது நியாயமான கேள்விதான். ஒரே வழி, புதுக் குழாயோடு மறுபடி கடலுக்குப் போவது. தலைவரே சென்னையில் குழாய் வாங்கி, கழுவி, புதுத் துணியில் சுற்றி, காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தூங்குகிற குழந்தையைக்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் தூக்கிவந்து நான் பார்த்ததில்லை.

லாஞ்சை ஓட்டியவர் சதுரங்கப்பட்டினத்து எத்திராசு. என்னை எந்தப் பள்ளிக்கூடத்திலோ பாடம் எடுப்பவள் என்றே கடைசிவரை நம்பியவர். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போன தடவை எடுத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினார்.

"காசிம், நீ பின்னால போய் உட்கார். குழாயைத் தொடாதே" என்றார் தலைவர்.

காசிம் போய் உட்கார்ந்தார். தலைவரும் எத்திராசின் ஆட்கள் இருவரும் கயிற்றை விட்டார்கள். குழாய் சாய்ந்து விழுந்தது; வெறும் தண்ணீரோடு மேலே வந்தது. மறுபடி விட்டார்கள். நுனியில் ஒரு பூச்சுச் சேறு, அவ்வளவுதான். கயிற்றை எந்த இடத்தில் இறுக்கிப் பிடித்து, எப்போது ஒரேயடியாக விடுவது என்பது கையில் படிந்திருக்கவேண்டிய பழக்கம். அது தலைவருக்கு இல்லை. அதற்குள் அலை உயரத் தொடங்கியது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எத்திராசு பொறுக்கமாட்டாமல் கத்தினார். "இன்னா சார் நீங்க? கவுறு வுடத் தெரிஞ்ச ஆள அங்க குந்த வெச்சிட்டு இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க? காத்து ஏறிகினு கீது. இன்னொரு வாட்டி வுடுங்க, இல்லன்னா நான் திருப்பிடுவேன். டீச்சரம்மா வேற வாந்தி எடுக்குறாப்ல கீறாங்க."

தலைவர் கயிற்றைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். காசிம் பக்கம் திரும்பவே இல்லை. சந்தேகத்துக்கு ஆளானவன் கையில் குழாயைக் கொடுத்தால் வரப்போகிற மாதிரிக்கு மதிப்பில்லை. கொடுக்காவிட்டால் மாதிரியே இல்லை. கூட்டத்துக்கு முன்னால் இன்னொரு பயணத்துக்கு வழியும் இல்லை.

காசிம் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வாளியில் கடல்நீர் மொண்டு, தோள்வரைக்கும் கைகளைத் தேய்த்துக் கழுவினார். கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். இவ்வளவையும் தலைவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் செய்தார்.

"பாத்துக்கினீங்களா சார்?"

தலைவர் கயிற்றை நீட்டினார்.

அந்தத் தடவை குழாய் நிமிர்ந்து போனது. இழுக்கும்போது நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது. வாய்வரைக்கும் சேறு. கரைக்கு வந்ததும் லாஞ்சின் பலகைமேலேயே பிளந்தோம். சாம்பல் நிறத்துக்கு நடுவில் அதே வெள்ளை அடுக்கு.

"இருக்குய்யா! காசிம், இருக்கு!" என்று தலைவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். காலையில் பைகளைத் தொங்கவிட்டு நின்றது வேறு யாரோ என்பதுபோல. "உன் வேலைக்கு நானாச்சு. மேலிடத்துல நானே பேசறேன்." காசிம் என்னிடமிருந்து சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். பொத்தான்களைப் போட வெகுநேரம் எடுத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. என் புத்திதான் விடவில்லை. அந்தக் கத்தி வெட்டுக் கோடு இதிலும் இருந்தது. மறுநாள் வெள்ளை அடுக்கை அடி, நடு, மேல் என்று தனித்தனியாக நீரில் கரைத்து ஜாடிகளில் தெளியவிட்டேன். அடியில் பருமணல், நடுவில் பொடிமணல், மேலே மாவு. கலங்கிய தண்ணீர் தெளியும்போது கனமானது முதலில் இறங்கும், லேசானது கடைசியில் இறங்கும். அந்த அடுக்கு முழுவதும் அப்படி ஒரே மூச்சில் இறங்கியிருந்தது. அடிமணலில் கிடந்த சிப்பித் துண்டுகளோ ஆழ்கடலுக்குச் சம்பந்தம் இல்லாதவை. ஆறு கடலில் சேர்கிற கழிமுகத்தில், முழங்கால் தண்ணீரில் வாழ்கிறவை. அவை அவ்வளவு ஆழத்துக்குத் தாமாக வந்திருக்க முடியாது. ஏதோ ஒரு பெரும் புயல் கரையைச் சிப்பியோடு அள்ளிக்கொண்டுபோய் அங்கே கொட்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையான வறட்சி இல்லை. ஓரிரு நாள் வேலை.

நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். சந்தேகப்பட்டிருக்கவேண்டிய சேற்றை மட்டும் விட்டுவிட்டோம்.

முதலில் காசிமிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "இப்பத்தான் என் பேரு மேல பட்ட அழுக்கு போச்சு. வேலையும் தரேன்னு சொல்லிகினு கீறாரு. இப்பவே இதைச் சொல்லணுமா?"

"உங்களைக் கேட்காம சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன்."

அவர் போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்தார். என் சாப்பாட்டு டப்பாவை நான் திறந்து, சாப்பிட்டு, கழுவி வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"கழிமுகத்துச் சிப்பிதான். வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்."

தலைவர் கேட்டுக்கொண்டார். ஜாடிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு என்னைப் பழி வாங்கறீங்களா?" என்றார். அடுக்கு இருப்பது உறுதியாகிவிட்டது, மற்றதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் இடத்தைவிட்டு நகரவில்லை. "வெளியே போங்க" என்றார்.

கூட்டத்தில் அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. நான் என் பைக்குள் மூன்று ஜாடிகளையும் துணி சுற்றி எடுத்துப்போயிருந்தேன். அவர் வறட்சி என்று ஆரம்பித்தால் எழுந்து நிற்பது என்று முடிவு. காசிம் எனக்குப் பக்கத்தில். பம்பாய்க்காரர் முன்வரிசையில்.

தலைவர் எழுந்தார். பாலாறு, மழை, ஓடுகள் என்று அவருடைய பழைய யோசனையை விளக்கினார். என் கை பைக்குள் போனது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதன்பிறகு சொன்னார்: "இந்த அடுக்கு வறட்சி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வறட்சி அல்ல. ஒரே ஒரு புயல். என்னுடன் வேலை பார்க்கும் வேதியியலாளர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது." பம்பாய்க்காரர் சுண்ணாம்புச் சூளையைப் பற்றிக் கேட்டார். "கலப்படம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம்" என்று சொல்லி, தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவரால் இது முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் காசிம் எழுந்து வெளியே போனார். மாடிப்படி அருகே தலைவருக்காகக் காத்து நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"சார், என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"கலப்படம் இல்லைன்னு சொன்னேனேப்பா. வேற என்ன சொல்லணும்?"

"சேத்தைப் பத்திச் சொன்னீங்க. என்னைப் பத்திச் சொல்லலை."

"உன்மேல சந்தேகம் இருந்ததே இங்க யாருக்கும் தெரியாது."

"பம்பாய்க்காரருக்குத் தெரியும் சார். காருல சொன்னீங்க. நம்ம தொழில்ல இருக்கிறது கொஞ்சம் பேர். அவரு போற எடமெல்லாம் அது போவும்." குரலை உயர்த்தாமல் சொன்னார். "நான் வேலைய வுட்டுடறேன்னு வெச்சிக்கங்க. வேற எடத்துல கேட்டா, அவன் சுண்ணாம்பு கலந்தவனாமேன்னு சொல்லுவாங்க இல்ல?"

தலைவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காசிம் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் அவர் பின்னால் போகலாமா என்று யோசிப்பதற்குள் தலைவர் திரும்பி மண்டபத்துக்குள் நடந்தார். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஜையைக் கையால் தட்டினார். பேச்சு அடங்கியது. அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. பம்பாய்க்காரரைப் பார்த்தபடி சொன்னார். சொல்லி முடித்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

எழும்பூரில் வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஓடிப்போய் ஏறினேன். காசிம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"சும்மா என்னைத் தேத்தறீங்க."

"நான் யாரையாவது தேத்திப் பாத்திருக்கீங்களா?"

அது அவரை யோசிக்கவைத்தது. "இன்னா சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'என் உதவியாளர் காசிம் சேற்று மாதிரியில் கலப்படம் செய்திருப்பார் என்று நான் சந்தேகப்பட்டேன். வெளியிலும் சொன்னேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. அது என் தவறு.'"

"பம்பாய்க்காரரு இருந்தாரா?"

"டீ கப்போட எதிர்லயே நின்னுக்கிட்டிருந்தார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாம்பரம் தாண்டியதும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். வண்டி சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் நின்றபோது இன்னொரு தடவை கேட்டார். எனக்குக் களைப்பு, கடற்பயணத்துக்குப் பிறகு உடம்பும் சரியாகத் தேறவில்லை. வேகமாகச் சொல்லி முடித்து, "அது தவறாகிவிட்டதுன்னார்" என்றேன்.

காசிம் சட்டென்று திரும்பினார்.

"'என் தவறு'ன்னு தானே சொன்னாரு?"

"ஆமாம்."

"அப்ப அப்டியே சொல்லுங்க."